ஒரு பந்தயம் முடித்தால் போதும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தேன். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைத் தரையில் வரைந்த எட்டுக்குள் வண்டி ஓட்டச் சொல்லி, கால் எப்போது தரையில் படுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த வேலையின் சாரம். கால் பட்டால் தோல்வி. அதற்கு மேல் விவாதம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த மருமகளோ, வளைவில் முழங்கால் தரையை உரசினால்தான் ஒழுங்காக ஓட்டியதாக அர்த்தம் என்று நம்பும் கூட்டத்தைச் சேர்ந்தவள். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவள்.

பெண் பார்க்கப் போன அன்றே எச்சரிக்கை கிடைத்தது. காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள், என் மகனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், என்னத் தெரியுதா? நீங்க என்னய ஃபெயில் பண்ணீங்க."

நான் ஃபெயில் போட்டவர்களை எல்லாம் நினைவில் வைத்திருந்தால் எனக்கு ரத்த அழுத்தம் வந்திருக்கும். தெரியவில்லை என்றேன்.

"எட்டு போடறப்ப எடது கால வச்சிட்டேன். மண்ணு சறுக்கிச்சி சார்னு சொன்னேன். 'மண்ணுக்கு நான் லைசென்ஸ் குடுக்கறதில்ல, அடுத்த தேதிக்கு வாம்மா'ன்னீங்க."

முதலில் சிரித்தது என் மனைவி. அதன் பிறகு பெண்ணின் அப்பா அம்மா. அந்தக் கல்யாணம் நிச்சயமானதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். என் மனைவியைப் பொறுத்தவரை, என்னை முகத்துக்கு நேராக மடக்கத் தெரிந்த ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள் என்பதே போதுமானதாக இருந்தது.

கல்யாணமான ஓராண்டில் மகன் வேலைக்காக மஸ்கட் போனான். மருமகள் எங்களோடு பிள்ளையார்பாளையம் வீட்டில் இருந்தாள். வண்டிகளின் பாகங்களை வரைந்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. சனி, ஞாயிறு வந்தால் சென்னை சாலையில் இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவாள். ஊரடங்கு வந்த அந்த ஆண்டின் மாசி மாதத்தில், பெண்கள் பிரிவுக்கு ஆள் எடுத்த ஒரு குழு அவளைத் தேர்ந்தெடுத்தது. தேர்வுக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். எல்லோரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தார்கள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தேன்.

அதில் இரண்டு வரிகள் முக்கியமானவை. முதலாவது: தேர்வு இந்தப் பருவத்துக்கு மட்டுமே செல்லும், பருவத்தில் ஒரு பந்தயத்தையாவது முழுமையாக முடித்தவர் மறுதேர்வின்றி அடுத்த பருவத்திலும் தொடரலாம். இரண்டாவது: முடிக்காதவர் மீண்டும் தேர்வுக்கு வர வேண்டும், தேர்வுக்கு வருகிறவரின் வயது இருபத்தெட்டைத் தாண்டியிருக்கக் கூடாது.

"உனக்கு இருபத்தெட்டு எப்போ முடியுது?"

"ஐப்பசில மாமா."

"அப்ப இந்த வருஷம் ஒரு ரேஸாவது முடிச்சாவணும். இல்லன்னா கதவு சாத்திடும்."

"ஒண்ணா? மூணு ரவுண்டு இருக்குது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரேஸ். ஆறு முடிப்பேன்" என்றாள்.

பங்குனியில் ஊரடங்கு வந்தது.

முதல் சுற்று தள்ளிவைக்கப்படுகிறது என்று ஒரு மின்னஞ்சல். மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று இன்னொன்று. இந்தப் "பின்னர்" என்ற சொல்லை நானே பல நூறு பேருக்கு எழுதியிருக்கிறேன். அதன் நீளம் எனக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியாது. தினமும் காலையில் தொலைபேசியைத் திறந்து பின்னர் வந்துவிட்டதா என்று பார்ப்பாள்.

பந்தய வண்டி குழுவின் பட்டறையில் இருந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தாவது பார்க்க வேண்டும் என்றாள். நான் இ-பாஸுக்கு விண்ணப்பித்தேன். மருத்துவம், திருமணம், இறப்பு என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. பந்தய வண்டியின் மேல் உட்காருவது என்று ஒரு காரணம் இல்லை. பொய்க் காரணம் போட எனக்கு மனம் வரவில்லை. "பணி நிமித்தம்" என்று போட்டு, தேர்வுக் கடிதத்தை இணைத்தேன். நிராகரித்தார்கள். விளக்கக் கடிதத்தோடு மறுபடி போட்டேன். மறுபடி நிராகரித்தார்கள். மூன்றாம் முறை உட்கார்ந்தபோது மருமகள் தோள் வழியாகத் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, பட்டறை நம்ம மாவட்டம்தானே? மாவட்டத்துக்குள்ள போறதுக்கு எதுக்கு பாஸு?"

மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது அந்த ஊர் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டதாக நான் எப்படியோ முடிவு செய்திருந்தேன். போகவில்லை. நிராகரித்தவர்கள் காரணத்தையும் சரியாகவே எழுதியிருந்தார்கள்: அனுமதி தேவையில்லை. நான் "நிராகரிக்கப்பட்டது" என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன். முப்பது ஆண்டுகள் என் கடிதங்களைப் பிறர் எப்படிப் படித்திருப்பார்கள் என்று அன்றுதான் புரிந்தது. இருவரும் போனோம். பட்டறையில் பூட்டு தொங்கியது.

அதன் பிறகு அவள் கூடத்துச் சோபாவில் பயிற்சி செய்ய ஆரம்பித்தாள். சோபாவின் கைப்பிடி மேல் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, ஒரு பக்கமாக உடம்பைத் தொங்கவிட்டு, முழங்காலைத் தரைக்கு நீட்டுவாள். ஒரு வீடியோ மீட்டிங்கில் மேலே அலுவலகச் சட்டையும் கீழே பந்தயத்துக்கான தோல் கால்சட்டையுமாக அப்படித் தொங்கிக்கொண்டே "யெஸ் சார்" சொல்லிக்கொண்டிருந்தபோது சோபாவின் கால் ஒடிந்தது.

"சோபாவ ஒடச்சது போதும்" என்றாள் என் மனைவி. "அந்தத் தறி ஆசாரியக் கூப்ட்டு ஒரு மரக்குதிர செஞ்சி குடுங்க. அவரும் சும்மாத்தான இருக்கறாரு."

யோசனை தன்னுடையது என்று பின்னாளில் பலர் உரிமை கொண்டாடியதால் இதைப் பதிவு செய்கிறேன். அது என் மனைவியுடையது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தறிக்கூடம் உண்டு. அதில் ஒரு நெசவாளர் வாடகைக்குத் தறி வைத்திருக்கிறார். பட்டு வராததால் அப்போது அவர் தறியும் நின்றிருந்தது. அவர் மட்டும் வழக்கம்போல் காலையில் வந்து தறியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு தறிக்கான இடம் காலியாக இருந்தது. ஓரிக்கையிலிருந்து ஆசாரி சைக்கிளில் வந்தார். முகக்கவசம் தாடையில் இருந்தது. என் மனைவி முறைத்ததும் மூக்குக்கு ஏறியது.

தறி போடும் ஆசாரிகள் முதலில் நெய்கிறவரின் உடம்பை அளப்பார்கள். கை எட்டும் தூரம், கால் மிதிக்கு எட்டும் தூரம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். என் மனைவியை நூலைப் பிடிக்கச் சொல்லி, மருமகளையும் அப்படியே அளக்க ஆரம்பித்தார்.

"கைய நீட்டும்மா. நிமிந்து புடிப்பியா, குனிஞ்சி புடிப்பியா?"

"படுத்துப் புடிப்பேண்ணா."

"படுத்துக்கினா?"

"ஆமா. நெஞ்சு டேங்க் மேல படணும்."

ஆசாரி நெசவாளரைப் பார்த்தார். "பாத்தியாப்பா? நீ உக்காந்து செய்யற வேலைக்கே இடுப்பு வலிங்கற."

மூன்று நாளில் வண்டி தயாரானது. நெய்த துணியைச் சுற்றி வைக்கும் பழைய படைமரம் ஒன்றை நீளவாக்கில் கிடத்தி, இரு முனைகளும் சுழலும்படி பொருத்தியிருந்தார். அதன் மேல் இருக்கை. முன்னால், மெக்கானிக் கடையில் கிடந்த ஹேண்டில்பார். சாய்ந்தால் திரும்ப நிமிர்த்துவதற்கு, தறியில் பாவு நூலை இறுக்க நெசவாளர்கள் கல் கட்டுவதுபோலவே கயிறும் கல்லும். மருமகள் தோலுடையை முழுதாகப் போட்டுக்கொண்டு ஏறினாள். சித்திரை வெயில். வலப்பக்கம் சாய்ந்தாள். மரம் முனகிக்கொண்டே சாய்ந்து, முழங்காலில் இருந்த பிளாஸ்டிக் தகடு தரையைத் தொட்டது. எல்லோரும் கை தட்டினோம். நிமிர்ந்து இடப்பக்கம் சாய்ந்தாள். டக்கென்று நின்றது.

"அண்ணா, லெஃப்ட்ல போக மாட்டேங்குது."

"ஆமாம்மா. தடுப்புக்கு முளை வச்சிருக்கறேன்."

"எதுக்குண்ணா?"

"எடப்பக்கம் எதுக்கும்மா போவணும்?"

"லெஃப்ட் டர்ன்லாம் இருக்குதே!"

ஆசாரி அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க இந்த ஊர்லயே பொறந்தவரு. நம்ம ஊர்ல தேரு எந்தப் பக்கம் திரும்புது?"

"வலம்."

"சாமி வாகனம்?"

"வலம்."

"கல்யாண ஊர்வலம்?"

"வலம்தான்."

"எடமா எப்ப சுத்துவாங்கன்னு நான் வாயத் தொறந்து சொல்லணுமா? ஒரு பொம்பளப் புள்ள ஏறி உக்கார்ற வண்டியில அத நான் வைக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கோயில்களுக்கு நடுவில் வாழும் ஊர் இது. இங்கே எதுவுமே இடமாகச் சுற்றிப் பார்த்ததில்லை, சாவுச் சடங்கைத் தவிர. ஒரு வண்டி இரு பக்கமும் திரும்ப வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் சைக்கிளில் ஓரிக்கையிலிருந்து வரும்போது எத்தனை முறை இடப்பக்கம் திரும்பினார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். மாறாக, இரு தரப்புக்கும் பாதகமில்லாத ஒரு தீர்வை முன்வைத்தேன்.

"முளைய எடுக்க வேணாம். வண்டிய அப்டியே தூக்கி எதிர்ப்பக்கம் பார்க்க வச்சிடுங்க. இப்ப கிழக்கப் பாக்குது. மேற்கப் பாத்தா எடப்பக்கம் கெடச்சிடும்."

ஆசாரியும் நெசவாளரும் தூக்கினார்கள். கனமான வண்டி. நான் ஓரத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்று மேற்பார்வை செய்தேன். மருமகள் மேற்கே பார்த்து ஏறி உட்கார்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். முழங்கால் தரையைத் தொட்டது. இடப்பக்கம் சாய்ந்தாள். டக்.

"மாமா" என்றாள், சிரிப்பை அடக்கிய குரலில். "எந்தப் பக்கம் பாத்து உக்காந்தாலும் என் வலது கை வலது கைதான்."

என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து வந்த சத்தத்தை வைத்து அவள் எதற்குப் போனாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சிக்கலை அவிழ்த்தவர் நெசவாளர். "யோவ் ஆசாரி" என்றார். "நீ போட்ட தறியிலதான நான் நெய்யறேன். நூல இழுத்துக்கினு போற நாடா வலமா மட்டுமா ஓடுது? எடமாவும் ஓடுது. போன நாடா திரும்பி வரலன்னா பொடவ ஏது? அந்தப் பொடவயத்தானே கோயில்ல அம்பாளுக்குச் சாத்தறாங்க? அது அபசகுனமா?"

ஆசாரி நெடுநேரம் யோசித்தார். வெற்றிலை கேட்டார். போட்டுக்கொண்டார். பிறகு சுத்தியலை எடுத்து முளையைத் தட்டிக் கழற்றினார். "ஆனா தெனம் மொதல்ல வலமா ஒரு தபா சாஞ்சிடணும்மா. அப்பறம் உன் இஷ்டம்" என்றார். அவளும் அப்படியே செய்தாள்.

வைகாசியில் கருட சேவைக்கு வாகனம் தெருவுக்கு வரவில்லை. அன்று காலை எதிர்வீட்டு அம்மா பின்கட்டு ஜன்னலில் வந்து நின்றார். கையில் ஒரு முழம் கதம்பம். "சாமி உள்ளயே இருக்குதாம். வருஷா வருஷம் வாங்கற பூ. ஏதோ ஒரு வாகனத்துக்குப் போட்டுடும்மா" என்று ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். மருமகள் அதை ஹேண்டில்பாரில் சுற்றினாள். விஷயம் பரவி, மறுநாளிலிருந்து ஜன்னலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. ஆறடி இடைவெளிக்கு நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் நிற்காதவர்களுக்குக் காட்சி கிடையாது.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. தடத்தின் வளைவுகளை அவள் தாளில் வரைந்து கொடுத்தாள். நான் அதை அட்டையில் ஒட்டி, நிறுத்துக் கடிகாரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து அறிவிப்பேன்: "நேர். நேர். வலம். நிமிர். வலம். இடம்." ஆறு சுற்று முடிய கால்மணி நேரம் பிடிக்கும். ஆடி பிறந்து பட்டு வர ஆரம்பித்ததும் நெசவாளரின் தறியும் ஓடியது. ஒரு பக்கம் தறியின் தடதட சத்தம், மறு பக்கம் மரம் முனகல், நடுவில் என் குரல். நான் ஒரு வளைவைத் தாண்டிப் படித்துவிட்டால் தறியிலிருந்து நெசவாளர் திருத்துவார்: "அண்ணே, இப்ப எடம் வரணும்." அவருக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது.

புரட்டாசியில் அந்தப் "பின்னர்" வந்தது. மூன்று சுற்றுகள் ஒன்றாகச் சுருங்கியிருந்தன. டிசம்பரில் ஒரே ஒரு வாரக் கடைசி. சனிக்கிழமை ஒரு பந்தயம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தயம். பருவம் அவ்வளவுதான். மருமகள் கூடத்தில் குதித்தாள். எனக்கு வேறு கவலை. ஒரு வாரக் கடைசியைப் "பருவம்" என்று ஏற்பார்களா? அதில் முடித்தால் அடுத்த ஆண்டு இடம் உண்டா? அவளுக்குத்தான் ஐப்பசியில் வயது கடந்துவிடுமே. இரண்டு பக்கத்துக்கு, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று மேற்கோள்களுடன் கடிதம் அனுப்பினேன். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது: "ஆமாம் சார். இதுதான் பருவம். முடித்தால் இடம் உண்டு."

"நான் அன்னிக்கே வாட்ஸ்அப்ல கேட்டுட்டேனே மாமா" என்றாள்.

"வாட்ஸ்அப் ஆவணமாகாது."

நிபந்தனைகளின் பட்டியலும் வந்தது. ஓட்டுகிறவருக்கு ஓர் உதவியாளர் மட்டும். இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் செய்யும் பரிசோதனை. பார்வையாளர்கள் கிடையாது. ஏழாவது நிபந்தனை: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை.

எனக்கு அறுபத்திரண்டு. மாதக்கணக்கில் வலம் இடம் சொன்னவன் நான். விதிவிலக்குக்கு ஏதாவது உட்பிரிவு உண்டா என்று மூன்று முறை படித்தேன். அந்த நிபந்தனையை எழுதியவர் கெட்டிக்காரர். ஓட்டையே இல்லை.

"எனக்கு அம்பத்தேழுதான்" என்றாள் என் மனைவி, முறுக்குப் பிழிந்துகொண்டே.

அதுவரை பந்தயக் காணொளி ஒன்றைக்கூடக் கண் திறந்து பார்க்காதவள் அவள். உதவியாளரின் கடமைகளை அவளுக்கு எழுதிக் கொடுத்தேன்: குடை பிடித்தல், தண்ணீர், கையுறை, தொலைபேசியில் எனக்கு நேரலை. "குடை புடிக்க எனக்கு ட்ரெயினிங்கா?" என்று அந்தத் தாளில் முறுக்கை வைத்தாள். பரிசோதனையின்போது குச்சி விட்டவர் முகத்தில் தும்மினாள். இருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது.

சனிக்கிழமை காலை காரில் மூவரும் போனோம். வாயிலில் காவலாளி என் ஆதார் அட்டையைப் பார்த்தார். "சார், அறுபதுக்கு மேல உள்ள விட மாட்டோம்." அவர் குரலில் மரியாதையும் இருந்தது, உறுதியும் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இருந்தாலும் அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை. மதில் சுவருக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்து தொலைபேசியைப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவியின் நேரலையில் பெரும்பாலும் அவளுடைய காது தெரிந்தது. சில சமயம் வானம். ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து பதினோரு வண்டிகள் கிளம்பிய சத்தம் தொலைபேசி இல்லாமலே கேட்டது. டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதல் சுற்று முடிந்து சத்தம் எங்களைக் கடந்தது. இரண்டாவது சுற்றில் காதிலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ, விழுந்துட்டாங்க!"

நான் எழுந்துவிட்டேன். எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை.

"இருங்க... எழுந்துட்டா. நடக்கறா. கையக் கால ஆட்டிப் பாக்கறா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லீங்க."

அவளுக்குக் கையுறை கிழிந்து முழங்கை சிராய்த்திருந்தது. வேறு காயம் இல்லை. ஆனால் முதல் பந்தயம் போயிற்று. முடிக்கவில்லை என்பது முடிக்கவில்லைதான். மீதி இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று.

காரில் திரும்பினோம். ஊர் எல்லை வந்தபோது பின்சீட்டிலிருந்து மருமகள் சொன்னாள்: "மூணாவது எடம் கண்ணு முன்னாடி இருந்துச்சி மாமா. அவசரப்பட்டுட்டேன்."

"மூணாவதுன்னு ரூல்ல எங்கயும் இல்லம்மா. முடிக்கணும்னுதான் இருக்குது."

"நாளைக்கு நீ எவளயும் முந்த வேணாம்" என்றாள் என் மனைவி. "எல்லாரையும் போவ விட்டுட்டு நிதானமா வந்து சேரு."

"அத்த, அதுக்குப் பேரு ரேஸ் இல்ல. பால் பாக்கெட் போடறது."

மூவரும் சிரித்தோம். ஆனால் வீடு வந்து இறங்கியபோது அவள் நேராகத் தறிக்கூடத்துக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, நான் பத்திரப்படுத்தியிருந்த தேர்வுக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேகமாக இருந்தது. நான் போனதும் டீக்கடைக்காரரே பெஞ்சைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார். "இன்னிக்கு எத்தன சுத்து சார்?" "ஆறு." நான் எண்ணுவது போதாதென்று அவரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தட்டில் வைப்பதாகச் சொன்னார்.

கிளம்பினார்கள். காது பேச ஆரம்பித்தது. "ஒம்பதாவதா போறா... இல்ல எட்டு... ஒருத்திய முந்திட்டா! ஏங்க, இன்னொருத்தியயும் முந்திட்டா!"

"முந்த வேணாம்னு சொன்னோமே!"

"நீங்க சும்மா இருங்க, நல்லா போறா! அம்மாடி, என்னா வேகம்! போ! போ!"

இரண்டாவது பிஸ்கட். மூன்றாவது. என் மனைவி நாங்கள் குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "நாலாவதா வந்துட்டா! இப்ப அந்தச் செவப்பு வண்டியப் புடிக்கப் போறா!" நான்காவது சுற்றில் சத்தம் எங்களைக் கடந்து போன சிறிது நேரத்தில் கத்தல் சட்டென்று நின்றது.

"போச்சுங்க" என்றாள், சின்னக் குரலில். "மறுபடியும் விழுந்துட்டா."

என் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை. டீக்கடைக்காரர் எடுத்த பிஸ்கட்டைத் தட்டில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஐப்பசி போய்விட்டது, வயது போய்விட்டது, இருந்த ஒரே பந்தயமும் போய்விட்டது. அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். முப்பது ஆண்டுகள் "அடுத்த தேதிக்கு வாம்மா" என்று சொன்ன எனக்கு, அடுத்த தேதி இல்லாத ஒருத்திக்குச் சொல்ல எதுவும் வரவில்லை.

"அடி பட்டுச்சா?"

"இல்ல, எழுந்து நிக்கறா. ஹெல்மெட்டக் கழட்டறா..." திரையில் காது போய் வானம் வந்தது. "ஏங்க."

"என்ன?"

"இது வேற பொண்ணுங்க."

"என்னது?"

"இந்தப் பொண்ணுக்குச் சுருட்ட முடி. நம்ம பொண்ணு இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி பச்ச சட்ட போட்டுக்கினு இருக்கறாளுங்க, நான் இன்னா பண்றது? மொதல்லேர்ந்து இவளயே பாத்துக்கினு இருந்துட்டேன் போலகுது."

"அப்ப நம்ம பொண்ணு எங்க?"

"தெரியலியே... இருங்க இருங்க... அதோ! அதோ வந்துக்கினு இருக்கறா! நம்பர் தெரியுது! இவதான், இவதான்!"

டீக்கடைக்காரர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். கூடவே இன்னொன்றையும் வைத்தார். ஐந்தாவது சுற்று எங்களை அதற்குள் கடந்திருந்தது. கடைசிச் சுற்றில் என் மனைவி எதையும் வர்ணிக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. சுவருக்கு அப்பால் வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து வருவதும் பிரிவதும், வளைவுகளில் இயந்திரம் தணிந்து மறுபடி ஏறுவதும் கேட்டன. நான் வாய்க்குள் வலம், இடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை டீக்கடைக்காரர் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன்.

"கட்டம் போட்ட கொடிய ஆட்டறாங்க!" என்று காது அலறியது. "தாண்டிட்டா! கோட்டத் தாண்டிட்டா! முடிச்சிட்டாங்க!"

ஐந்தாவதாக வந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வாயிலுக்கு வெளியே வந்தார்கள். மருமகள் தோலுடையை இடுப்புவரை இறக்கி, கைகளை முடிச்சுப் போட்டிருந்தாள். என் மனைவி இன்னும் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பலகையில் ஒட்டியிருந்த முடிவுத் தாளை மருமகள் படமெடுத்து வந்திருந்தாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் சரி. சுற்றுகள் ஆறு. நிலை: நிறைவு செய்தார். கீழே கையெழுத்து இருந்தது.

"முத்திர..." என்று ஆரம்பித்தேன்.

"வாயத் தொறந்தீங்கன்னா குடையாலயே ஒண்ணு வைப்பேன்" என்றாள் என் மனைவி.

டீக்கடைக்காரர் சூடாகப் போண்டா கொண்டுவந்து வைத்தார். மருமகளால் உட்கார முடியவில்லை; தொடை இரண்டும் கல்லாகிவிட்டன என்றாள். நின்றபடியே சாப்பிட்டாள். அப்போது மஸ்கட்டிலிருந்து மகன் அழைத்தான். தொலைபேசி என் கையில் இருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"முடிச்சிட்டாடா" என்றேன். விவரம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"குடுங்க இப்டி" என்று என் மனைவி பிடுங்கிக்கொண்டாள். கிளம்பிய இடத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதாவதிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஏழு, அப்புறம் அந்தச் சிவப்பு வண்டியைத் துரத்தியது. அதெல்லாம் சுருட்டை முடிப் பெண் செய்தவை. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் திருத்தவில்லை. ஆறு சுற்றைச் சொல்லி முடிக்க என் மனைவிக்குப் பந்தயத்தைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆனது. நான்காவது சுற்றில், டீக்கடைக்காரரும் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, மருமகள் தட்டிலிருந்து ஐந்தாவது போண்டாவை எடுத்தாள்.